அம்மம்மாவின் நிறையும் துறைமுகத்துக் கப்பலும்

போன வருடம் ஒரு இரவு, எங்களில் ஒருவரின் அம்மம்மாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அவவுக்கு மூச்சுத் திணறல் இல்லை, நெஞ்சு நோவும் இல்லை. "எனக்கு ஒண்டும் இல்ல, ஏன் இழுத்துக்கொண்டு போறீங்க?" என்று வழி முழுக்கப் பேசிக்கொண்டுதான் வந்தா. எங்களை ஓட வைத்தது ஒரு இலக்கம்.

அம்மம்மாவுக்கு இதயம் பலவீனம். இதயம் போதியளவு இரத்தத்தைத் தள்ளாவிட்டால் உடம்பில் நீர் தேங்கும். கால் வீங்குவதற்கு முன்பே நிறை கூடத் தொடங்கிவிடும். ஒரு லீற்றர் நீர் என்றால் ஒரு கிலோ தானே. அதனால் கிளினிக்கில் ஒரு சட்டம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்: ஒவ்வொரு நாளும் நிறை பாருங்கள், மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் உடனே வாங்கள். செவ்வாய் காலை 54.2. வியாழன் இரவு 56.6. ஓடாமல் என்ன செய்வது?

டொக்டர் காலை அமுக்கிப் பார்த்தார், நெஞ்சிலும் முதுகிலும் குழாய் வைத்துக் கேட்டார். நீர் தேங்கிய அடையாளம் ஒன்றும் இல்லை. பிறகு கேட்டார்: "எங்க வச்சு நிறுத்தீங்க? எத்தனை மணிக்கு?"

பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை, வெறும் வயிறு, மெல்லிய உடுப்பு, குசினியில் சீமெந்துத் தரை. வியாழன் இரவு, புட்டும் சாப்பிட்டு தேத்தண்ணியும் குடித்த பிறகு, கோயிலுக்குக் கட்டின சேலையோடு, முன் அறையில் விரிப்புக்கு மேலே. மெசின் ஒன்றுதான். ஆனால் நாங்கள் நிறுத்தது இரண்டு வேறு ஆட்களை என்று சொன்னாலும் பிழையில்லை.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் இல்லை இது. இப்படி இரண்டு தடவை வீணாக ஓடினால், மூன்றாம் தடவை அம்மம்மா வர மாட்டா. நாங்களும் "மெசின் பொய் சொல்லுது" என்று விட்டுவிடுவோம். அந்த மூன்றாம் தடவை உண்மையாக இருந்தால்? இந்தக் கேள்விதான் எங்களை நிறையின் வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது. மனிதரை நிறுப்பது எப்போது தொடங்கியது, ஒரே மாதிரி நிறுப்பதை யார் யோசித்தார்கள் என்று தேடினோம். பாதி விடை எங்கள் மாவட்டத்திலேயே கிடந்தது.

கந்தளாயில் ஒரு கல்லாசனம்

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போகிற யாருக்கும் கந்தளாய் தெரியும். குளத்தைப் பார்த்திருப்பீர்கள், தயிர் வாங்கியிருப்பீர்கள். பொலன்னறுவையை 1187 முதல் 1196 வரை ஆண்ட நிசங்க மல்லனின் கல்லாசனக் கல்வெட்டு ஒன்று கிடைத்ததும் இங்கேதான். தானம் நடக்கும்போது அரசன் அமர்ந்திருந்த ஆசனம் அது.

இதே அரசன் பொலன்னறுவைக் கல்வெட்டுகளில் இன்னொரு விஷயத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். முடி தரித்து, ஆபரணம் எல்லாம் பூண்டு, வருடா வருடம் குடும்பத்தோடு தராசுத் தட்டில் ஏறி, அந்த நிறைக்குப் பொருளைத் தானமாகக் கொடுத்தானாம். துலாபாரம் என்பது இதுதான். அவனுக்கு ஏறத்தாழ இருநூறு வருடம் முன்பு, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் திருவிசலூரில் முதலாம் இராசராசனும் துலாபாரம் ஏறியிருக்கிறான்.

இதைப் படித்ததும் எங்களில் ஒருவர் சொன்னார்: "அப்ப அரசனும் எங்கட அம்மம்மா மாதிரி முழு உடுப்போடதான் ஏறியிருக்கிறான்." உண்மைதான். ஆனால் அங்கே அது பிழையில்லை. முடியும் நகையும் நிறையைக் கூட்டினால் தானமும் கூடும், வாங்குகிறவனுக்கு லாபம். தட்டு நேரே நின்றால் போதும். அரசன் எத்தனை கிலோ என்று யாருக்கும் தேவைப்படவில்லை. போன வருடத்தைவிடக் கூடினானா, குறைந்தானா என்று யாரும் ஒப்பிடவும் இல்லை. வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு சடங்கு, அவ்வளவுதான்.

முப்பது வருடம் தராசில் இருந்த ஒருவர்

ஒப்பிடுவதற்காக நிறுத்தவர் இத்தாலியில் இருந்தார். சந்தோரியோ என்ற மருத்துவர், பாதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். பெரிய தராசு ஒன்றில் கதிரையைத் தொங்கவிட்டு, அதிலேயே இருந்து சாப்பிட்டார். சாப்பாட்டையும் நிறுத்தார், கழிவையும் நிறுத்தார், தன்னையும் நிறுத்தார். சுமார் முப்பது வருடம் இதைச் செய்தவர் என்று மருத்துவ வரலாற்றில் பெயர் பெற்றவர். 1614 இல் முடிவுகளைப் புத்தகமாகப் போட்டார்.

அவர் கண்டது இது: ஒரு நாளில் எட்டு இறாத்தல் சாப்பாடும் குடிப்பும் உள்ளே போனால், ஐந்து இறாத்தல் கண்ணுக்குத் தெரியாமலே வெளியேறிவிடுகிறது. தோலாலும் மூச்சாலும் போகிற ஈரம். அவர் சொன்ன அளவை அப்படியே எங்களுக்குப் பொருத்த முடியாது. ஆனால் சங்கதி சரி. உடம்பு ஒரே இடத்தில் நிற்கிற பொருள் இல்லை. குடித்த தண்ணி, வியர்வை, மலசலம், உப்புக் கூடின ஒரு கருவாட்டுக் கறி என்று எல்லாமே இலக்கத்தை ஆட்டும். ஒரே நாளில் ஒரு கிலோ, சில பேருக்கு அதற்கும் மேலே ஏறி இறங்குவது சாதாரணம். சித்திரை வெயிலில் திருகோணமலையில் கிரிக்கெட் விளையாடிப்போட்டு நிறை பார்த்து, "மெலிஞ்சிட்டன்" என்று சந்தோஷப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். அது கொழுப்பில்லை, வியர்வை. இரண்டு போத்தல் தண்ணியோடு திரும்பி வந்துவிடும்.

சந்தோரியோவின் பெருமை அந்த ஐந்து இறாத்தலில் இல்லை. ஒரே தராசு, ஒரே கதிரை, திரும்பத் திரும்ப என்ற ஒழுங்கில்தான் இருக்கிறது. ஒரு தடவை நிறுத்திருந்தால் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

மெசின் சரியா, பிழையா?

இங்கே ஒரு பள்ளிக்கூடப் பாடம் உதவும். எங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் திணிவு வேறு, நிறை வேறு. (தமிழ்நாட்டுப் புத்தகத்தில் திணிவை நிறை என்றும், நிறையை எடை என்றும் சொல்வார்கள், அங்குள்ள நண்பர்கள் குழம்ப வேண்டாம்.) நிசங்க மல்லனின் இரட்டைத் தட்டுத் தராசு திணிவை ஒப்பிடுகிறது, அதை எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாலும் மாறாது. வீட்டு மெசின் அப்படியில்லை. உள்ளே இருக்கிற சுருளோ உணரியோ, பூமி எங்களை இழுக்கிற விசையைத்தான் உணர்கிறது. அதைக் கிலோவாக மாற்றிக் காட்டுகிறது.

பூமியின் இழுவை எல்லா இடத்திலும் ஒன்றில்லை. 1672 இல் பரிசிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போன ரிஷே என்ற வானியலாளரின் ஊசல் மணிக்கூடு, ஒரு நாளுக்கு சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. மத்திய கோட்டுக்குக் கிட்ட இழுவை குறைவு என்பது அப்படித்தான் பிடிபட்டது. நாங்களும் கோட்டுக்குக் கிட்டத்தான் இருக்கிறோம். லண்டனில் 60 கிலோ என்று சரியாகக் காட்டும்படி செய்த மெசினை அப்படியே திருகோணமலைக்குக் கொண்டுவந்து அதே ஆள் ஏறினால், கணக்குப்படி சுமார் 190 கிராம் குறைத்துக் காட்டும்.

இதில் பயப்பட ஒன்றும் இல்லை. உங்கள் மெசின் எப்போதும் 190 கிராம் குறைத்தே காட்டினால், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வித்தியாசம் சரியாகவே இருக்கும். மெசின் சரியாக இருப்பது ஒன்று, ஒரே மாதிரி இருப்பது இன்னொன்று. அம்மம்மாவுக்கு வேண்டியது இரண்டாவது. இதை எங்கள் ஊரில் நல்லாத் தெரிந்தவர்கள் துறைமுகத்தில் இருக்கிறார்கள்.

கப்பலை எப்படி நிறுப்பது?

சீனக்குடாவில் 1980 இல் இருந்து ஓடுகிற பெரிய மா ஆலைக்குக் கோதுமைக் கப்பல் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோதுமைதான் எங்கள் பாண். பாணுக்கு நிறைச் சட்டம் உண்டு: ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்க வேண்டும், 13.5 கிராம் வரை குறைந்தால் மன்னிப்பு என்று 2024 இல் வர்த்தமானியில் போட்டார்கள். பாணைத் தராசில் வைக்கலாம். ஆயிரக்கணக்கான தொன் கோதுமை ஏற்றின கப்பலை எதில் வைப்பது?

கடலில்தான். கப்பல் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அதுதான் அதன் நிறை. கப்பலின் பக்கத்தில் முன், நடு, பின் என்று அளவுகோல் மாதிரி இலக்கங்கள் எழுதியிருக்கும். இப்படி மொத்தமாகச் சரக்கு ஏற்றும் கப்பல்களில், அளவையாளர் இரண்டு பக்கத்திலும் ஆறு இடங்களில் நீர் எதுவரை நிற்கிறது என்று வாசிப்பார். அலை ஏறி இறங்கும். அதனால் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக மாட்டார். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்று திரும்பத் திரும்பப் பார்த்து நடுவை எடுப்பார். பிறகு கடல் நீரை அள்ளி அடர்த்தி அளப்பார். மழைக்காலத்தில் ஆற்று நீர் கலந்தால் அடர்த்தி குறையும், அதே கப்பல் கூடத் தாழும். கப்பலோடு சேர்த்து 30,000 தொன் என்று வைத்தால், அடர்த்தியை 1.025 க்குப் பதில் 1.020 என்று பிழையாக எடுத்தாலே கணக்கில் சுமார் 146 தொன் போய்விடும். கடைசியில் எண்ணெய், குடிநீர், நிலைநீர் எல்லாவற்றையும் அளந்து கழிப்பார்.

முக்கியமானது இனித்தான். இதைச் சரக்கு இறக்க முன்பு ஒரு தடவை, இறக்கின பிறகு ஒரு தடவை, ஒரே முறையில் செய்வார்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வருவதுதான் கோதுமை. கப்பலில் கணக்கில் வராத சாமான் கொஞ்சம் எப்போதும் இருக்கும்: பழைய கயிறு, பெயின்ற், தொட்டி அடியில் சேறு. இரண்டு கணக்கிலும் அது இருப்பதால் கழிக்கும்போது தானாகவே அடிபட்டுப் போகும். பிழையை முழுக்க இல்லாமல் ஆக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரே பிழையாக வைத்திருக்கலாம்.

திரும்ப அம்மம்மாவிடம்

அளவையாளரின் அதே ஒழுங்கை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

தரை: மெசினுக்கு ஒரே இடம். குசினியில் சமமான சீமெந்துத் தரையில் சோக்கால் நாலு மூலையும் கீறிவிட்டோம். பாய், விரிப்பு, ஆடுகிற டைல்ஸ் வேண்டாம்.

நேரம்: காலையில் எழும்பி, மலசலம் போய் வந்து, தேத்தண்ணிக்கு முன்பு. வயிறும் சலப்பையும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருக்கிற நேரம் அதுதான்.

உடுப்பு: ஒரே மாதிரி மெல்லிய உடுப்பு, வெறுங்கால், கையில் போனும் கைப்பையும் இல்லாமல். சேலை கட்டினால் என்றைக்கும் சேலை.

நிற்பது: பூச்சியம் வந்த பிறகு ஏற வேண்டும். இரண்டு காலிலும் சமமாக, சுவரைப் பிடிக்காமல். அம்மம்மா தடுமாறுகிறவ, அதனால் ஒருவர் பக்கத்தில் நிற்போம், தொட மாட்டோம். இறங்கித் திரும்ப ஏறுவா. இரண்டு இலக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் எழுதுவோம். இல்லாவிட்டால் மூன்றாம் தடவை.

மெசினைச் சோதிப்பது: கிழமைக்கு ஒரு தடவை, உடைக்காத ஐந்து கிலோ அரிசிப் பை இரண்டை வைத்துப் பார்ப்போம். சரியாகப் பத்து வர வேண்டும் என்றில்லை, போன கிழமை வந்ததே வர வேண்டும். மாறினால் முதலில் பற்றரியை மாற்றுவோம்.

எழுதுவது: ஒரு கொப்பி, ஒரு பேனை, திகதியோடு. கிளினிக்குக்கும் அதையே கொண்டுபோவோம். கிளினிக் மெசின் வேறு இலக்கம் காட்டினால் சண்டை வேண்டாம். வீட்டு இலக்கத்தை வீட்டு இலக்கத்தோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நோய் இல்லாத, மெலிய விரும்புகிற நண்பர்களுக்கு இன்னொரு சொல். உங்களுக்கு ஒரு நாள் இலக்கம் அலை மாதிரி. ஏழு நாளைக் கூட்டி ஏழால் பிரித்து, கிழமைக்குக் கிழமை பாருங்கள். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் செய்தி. ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறி மனதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மம்மா மாதிரி இதய நோயாளிகளுக்கு இந்தச் சராசரி போதாது. அவர்களுக்கு டொக்டர் சொன்ன மூன்று நாள் சட்டம்தான். மூச்சு முட்டினாலோ கால் வீங்கினாலோ, மெசின் என்ன காட்டினாலும் போக வேண்டும்.

கொப்பி தொடங்கி நாலு மாதம் வரை அம்மம்மாவின் இலக்கம் 54 ஐச் சுற்றியே நின்றது. பிறகு ஒரு கிழமை 54.1, 54.9, 55.7, 56.3. அதே தரை, அதே நேரம், அதே உடுப்பு. அரிசிப் பையும் வழமையான இலக்கமே. அவ வழமை போல "எனக்கு ஒண்டும் இல்ல" என்றா. இந்தத் தடவை நாங்கள் பதில் பேசவில்லை, கொப்பியைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டா. டொக்டர் காலை அமுக்கினார். குழி விழுந்து அப்படியே நின்றது. மருந்தின் அளவை மாற்றினார், நாலு நாளில் நீர் இறங்கியது.

கொப்பி இப்போதும் குசினி யன்னலில் இருக்கிறது. சோக் அழிந்தால் அம்மம்மாவே திரும்பக் கீறிவிடுகிறா.