ஐம்பது நொடியும் பதினைந்து நொடியும்

1895 மார்ச்சில் பிரான்சின் லியோன் நகரில் லூயி லூமியேர் தன் தொழிற்சாலை வாசலைப் படம்பிடித்தார். ஓட்டம் சுமார் 50 நொடி. ஃபிலிம் சுருள் அவ்வளவுதான் தாங்கும். வேலை முடிந்து வெளியே வருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்த டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயில் கட்டணம் செலுத்தி வந்தவர்கள் பார்த்த பத்துப் படங்களில் முதலாவது இதுதான். இதற்கு மூன்று பிரதிகள் உண்டு. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி, ஒன்றில் இரட்டைக் குதிரை, ஒன்றில் வண்டியே இல்லை. அப்படியானால் அந்தப் பெண்கள் முதலாளியின் கேமராவுக்காக மறுபடி மறுபடி நடந்திருக்கிறார்கள். அதை நடிப்பென்று எந்தப் பாடநூலும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

கோமோன் நிறுவனத்தில் செயலாளராக இருந்த ஆலிஸ் கீ, முட்டைக்கோசுக்குள்ளிருந்து குழந்தைகளை எடுக்கும் தேவதையின் கதையை ஒரு நிமிட அளவில் படமாக்கினார். 1896 என்கிறார் அவர். ஆண்டைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். முதலாளி அனுமதித்தது, கடிதவேலை கெடக்கூடாது என்ற நிபந்தனையோடு.

இந்த நிபந்தனை எனக்குப் பழக்கமானது. எங்கள் தெருவில் ஓர் அக்கா உலை கொதிக்கும் நேரத்தில்தான் டிக்டாக் எடுப்பார். அன்று அதற்கு 15 நொடி. வணக்கம், முன்னுரை எதுவும் கிடையாது. கரண்டியை ஓங்கியபடி, பாதிச் சண்டையில் தொடங்குவார். "என்ன நடந்துச்சுன்னு தெரியாம எவளும் தள்ளிவிட மாட்டா" என்பார். கடைசி வசனம் முதல் வசனத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். பார்ப்பவர் அறியாமலே இரண்டாம் சுற்றுக்குப் போய்விடுவார். கதை கேட்க உட்கார நேரமில்லாதவர்களுக்கு மத்தியில் வளர்ந்தவருக்கு இதை யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

கற்றுக்கொடுக்க வந்தவர்கள் ஒழுக்கத்தைத்தான் கொண்டுவந்தார்கள். 2019 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றத்தில் இச்செயலிக்குத் தடை கோரினார்கள், பண்பாடு கெடுகிறதாம். ஏப்ரல் 3 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பதிவிறக்கத்தைத் தடுக்க உத்தரவிட்டு, 24ஆம் தேதி விலக்கிக்கொண்டது. சிறுவர் பாதுகாப்பு குறித்து நீதிமன்றம் எழுப்பிய கவலை நியாயமானது. ஆனால் தெருவில் அது வேறாகக் கேட்டது: "குடும்பப் பொம்பளைக்கு இது எதுக்கு?" 2020 ஜூன் 29இல் மத்திய அரசு 59 செயலிகளைத் தடைசெய்தது, காரணம் எல்லைப் பதற்றம், பண்பாடு அல்ல. அன்று நிம்மதியடைந்த கணவர்களை எனக்குத் தெரியும்.

அக்கா இப்போது வேறு செயலியில் எடுக்கிறார். நேரம் கூடக் கிடைக்கிறது. இருந்தும் 15 நொடியில்தான் முடிக்கிறார், சோறு குழைந்துவிடும் என்று.