ஏ.எஸ்.ஏ. சாமி: பெயர்ப்பட்டியலில் ஒரு நாடகாசிரியர்

சரவணம்பட்டிக்குத் தெற்கே சில கல் தொலைவிலுள்ள சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இயங்கிய 1940களில், அதன் எழுத்துப் பணியையும் இயக்குநர் பணியையும் ஒருங்கே தாங்கியவர்களுள் ஏ.எஸ்.ஏ. சாமி குறிப்பிடத்தக்கவர். இலங்கையில் பிறந்த இவர், திரைக்கு வருமுன் நாடகாசிரியராக அறியப்பட்டவர்.

அன்னாருக்குப் புகழ் தேடித் தந்தது 'பில்கணன்' எனும் வானொலி நாடகம். காசுமீரக் கவிஞன் பில்கணன் பற்றிய அக்கதையைக் கவிஞர்கள் நன்கறிவர்; பாவேந்தரின் 'புரட்சிக்கவி'க்கும் அதுவே மூலம். ஆசிரியனும் மாணவியும் ஒருவரையொருவர் காணாவண்ணம் நடுவே திரை. குரல் வழியே காதல். வானொலிக்கு இதனினும் பொருத்தமான கதை வாய்ப்பது அரிது. பின்னர் டி.கே.எஸ். சகோதரர்கள் இதனை மேடையேற்றினர். 1948இல் இது படமாகவும் வெளிவந்தது.

ஜூபிடர் நிறுவனத்துக்காக 1947இல் சாமி இயக்கிய 'ராஜகுமாரி'யில் எம்.ஜி.ஆர். முதன்முறையாகக் கதைத் தலைவரானார். ஈரோட்டில் 'குடியரசு' இதழில் பணியாற்றிய இளைஞர் மு. கருணாநிதி, வசனம் எழுதக் கோவைக்கு வந்தார். படத்தில் அவர் பெயர் 'உதவி' என்றே இடம்பெற்றது. 1948இல் வெளிவந்த 'அபிமன்யு'விலோ அதுவும் இல்லை. அவர் எழுதிய வசனத்துக்குச் சாமியின் பெயரே காட்டப்பட்டது. அறிமுகமான பெயரை முன்னிறுத்துவது அன்றைய பட நிறுவனங்களின் வழக்கம் எனலாம். ஆயினும் எழுதியவர்க்கு அது இழப்பே. சாமியைப் போற்றுவோரும் இதனைக் கடந்து செல்லுதல் இயலாது.

அடுத்த ஆண்டே நிலை மாறியது. 1949இல் சாமி இயக்கிய 'வேலைக்காரி', இயக்குநர் பெயரால் அன்றி, அண்ணாவின் 'வேலைக்காரி' என்றே மக்களிடம் நின்றது. கே.ஆர். இராமசாமியின் குழுவுக்காக அண்ணா எழுதிய மேடை நாடகமே அப்படம். தாமே வசனம் வல்லவராயிருந்தும், பிறர் எழுத்தின் வீச்சுக்கு இடமளித்து ஒதுங்கி நின்றார் சாமி. நெடிய உரைகளைக் காமிரா குறுக்கிடாது கேட்டுக்கொண்டிருக்கிறது. அதனைத் திரைமொழியின் குறையென்பார் உளர். மேடையை அறிந்த ஒருவரின் அடக்கம் என்றே கொள்ளத் தோன்றுகிறது. எழுத்தாளர் பெயருக்காகக் கொட்டகைக்குக் கூட்டம் வரும் காலம் அப்படத்தோடு வலுப்பெற்றது.

பின்னர் 'துளி விஷம்' (1954), 'தங்கப்பதுமை' (1959) முதலியவற்றை அவர் இயக்கினார். எனினும் எழுத்தாளர் சாமியை அறிய, கே. ராம்நாத் இயக்கத்தில் 1951இல் வந்த 'மர்மயோகி'யே ஏற்றது. கதை வசனம் சாமி. இறந்ததாகக் கருதப்பட்ட அரசன் ஆவியெனத் தோன்றி, குற்றவாளியை அச்சுறுத்துகிறான். அவ்வாவியின் பொருட்டே, வயது வந்தோர்க்கு மட்டும் என்னும் 'ஏ' சான்றிதழ் பெற்ற முதல் தமிழ்ப் படமாயிற்று அது. கதைப்படி அது ஆவியே அன்று. மறைந்து நின்று பேசிய மனிதன்.