செத்த எலி சொன்ன சேதி

புழுக்கை, கடிபட்ட மூட்டை, நள்ளிரவில் பரண்மேல் எழும் சலசலப்பு: வீட்டில் எலி குடியேறியதை நாம் அறிவது இவற்றால்தான். ஆனால் எலி ஓடுவதைவிட, அது செத்து விழுவதே மக்களை நடுங்க வைத்த காலமொன்று உண்டு.

1896-ல் பம்பாயில், தானியக் கிடங்குகள் நெருங்கிய மாண்டவிப் பகுதியில் பிளேக் கண்டறியப்பட்டது. அரசு ஊழியர் வீடுகளுக்குள் புகுந்து கார்பாலிக் அமிலம் தெளித்தனர். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தனர். நோயுற்றோரை வலுவில் அப்புறப்படுத்தினர். எலியை எவரும் பெரிதாக எண்ணவில்லை. கட்வால், குமாவுன் மலைக்கிராமத்தாரோ, அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, வீட்டில் எலிகள் மடியத் தொடங்கினால் ஊரையே விட்டு வெளியேறும் வழக்கம் கொண்டிருந்தனர்.

அவ்வழக்கத்தின் நியாயத்தை 1898-ல் கராச்சியில் சோதனை செய்து காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் பால் லூயி சிமோன். செத்த எலியின் உடல் குளிர்ந்ததும் அதிலிருந்த தெள்ளுப்பூச்சி வேறொரு சூடான உடலைத் தேடுகிறது. எலி கிடைக்காதபோது மனிதனைக் கடிக்கிறது. அவர் கூற்றைப் பலர் ஏற்கவில்லை. 1905-ல் பணி தொடங்கிய ஆய்வுக்குழு, பம்பாயில் நோய் கண்ட வீடுகளில் கினிப்பன்றிகளை வைத்துப் பார்த்தது. தெள்ளு புகாத மெல்லிய வலைக்குள் இருந்தவை பிழைத்தன. வெளியே இருந்தவற்றுள் பல மாண்டன.

வளையை அடைப்பதும், தானியத்தை மூடி வைப்பதும், செத்த எலியை வெறுங்கையால் தொடாதிருப்பதும் இன்று நமக்குச் சிறு வேலைகள். நுண்ணோக்கி காணாத அம்மலைமக்களின் சொல்லை அன்றே செவிமடுத்திருந்தால், எத்தனை வீடுகளில் விளக்கு அணையாதிருந்திருக்கும்!