கடல் கடந்த நிகாஹ்

மணமக்கள் இருவேறு நாடுகளில் இருக்க நிகாஹ் நடப்பது கணினித் திரை கொணர்ந்த புதுமையன்று. அபிசீனியாவில் தனித்திருந்த அன்னை உம்மு ஹபீபா (ரலி) அவர்களை, மதீனாவிலிருந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் நஜ்ஜாஷி மன்னர் வாயிலாக மணம் பேசினார்கள். அன்னையார் காலித் இப்னு ஸயீத் (ரலி) அவர்களைத் தம் வக்கீலாக நியமித்தார்கள். முஸ்லிம்கள் கூடிய அவையில் மன்னரே 400 தீனார் மஹர் அளித்ததாக வரலாற்று நூல்கள் கூறும். ஹிஜ்ரீ 7இல் (கி.பி. 628) அன்னையார் மதீனா சேர்ந்தார்கள்.

தொலைத்தொடர்புக் கருவிகள் வழியான ஒப்பந்தங்களை 1990இல் ஏற்ற ஜித்தாவின் இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, சாட்சிகள் இன்றியமையாமையால் நிகாஹை அதனின்று விலக்கியது. ஆகவே, தூரம் தடையன்று, சாட்சியின்மையே தடை. வளைகுடாவில் மகனிருக்க இங்கே மணம் முடிக்கும் நாம், திரையை மட்டும் நம்பாது வக்கீலை நியமித்து, சாட்சிகள் முன் முடித்துப் பதிவேட்டிலும் எழுதுவோமாக. நாளை வழக்கென்று வந்தால் நம் பெண்மக்களுக்கு அதுவே காப்பு.