தேங்கும் நீரே பகை: ஸ்கூபா முக்குளிப்பும் சிறுநீர்ப்பாதைத் தொற்றும்

ஸ்கூபா கருவியுடன் கடலில் முக்குளிக்கும் பெண்களிடையே ஓர் அச்சம் பரவலாக உண்டு. கடல்நீர் படுவதாலும், வெட்சூட் என்னும் முக்குளிப்பு உடைக்குள்ளேயே சிறுநீர் கழிப்பதாலும் நீர்க்கடுப்பு வரும் என்பதே அது. அந்த அச்சத்தில் பலர் கடலுக்குப் போகும் நாளில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். முட்டிக்கொண்டு வந்தாலும் அடக்குகிறார்கள். நோயைத் தவிர்ப்பதாக எண்ணிச் செய்யும் இந்த இரண்டுமே நோய்க்கு வழிவிடுகின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். முக்குளிப்போரின் சிறுநீர்ப்பாதைத் தொற்றைத் தடுக்க நினைப்பவர் கடலைப் பார்ப்பதற்கு முன், சிறுநீர் எங்கே தேங்குகிறது, ஏன் தேங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

இத்தொற்றுகளில் பெரும்பான்மையானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை பாக்டீரியா. அது நம்முடைய பெருங்குடலிலேயே குடியிருப்பது. மலவாயை அடுத்த தோலிலிருந்து நகர்ந்து, சிறுநீர் வெளியேறும் குழாய் வழியே மேலேறிச் சிறுநீர்ப்பையை அடைகிறது. பெண்களுக்கு அந்தக் குழாயின் நீளம் ஏறத்தாழ 4 செ.மீ., ஆண்களுக்கு ஏறத்தாழ 20 செ.மீ. பெண்களை இந்நோய் மிகுதியாகத் தாக்குவதற்கு இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம். ஏறிவரும் கிருமியை விரட்ட உடல் நம்பியிருக்கும் முதல் வழி சிறுநீரின் ஓட்டம்தான். ஆனால் ஓட்டத்துக்கும் எல்லை உண்டு. ஈ.கோலையின் நுண்ணிழை நுனியில் இருக்கும் ஃபிம்ஹெச் என்ற புரதம் சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றிக்கொள்ளும். ஓட்டம் இழுக்கும்போது அந்தப் பிடி தளராமல் மேலும் இறுகுகிறது என்பதை 2002இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆகவே கிருமி ஒட்டிக்கொள்வதற்கு முன்பே அதை வெளியேற்றியாக வேண்டும். நாள் முழுதும் அடக்கி வைத்திருந்து மாலையில் ஒரு முறை கழிப்பது, பல முறை முழுதாகக் கழிப்பதற்கு ஈடாகாது.

இங்கே முக்குளிப்பின் உடலியல் வந்து சேர்கிறது. கழுத்தளவு நீரில் இறங்கியதுமே நீரின் அழுத்தம் கால்களிலும் வயிற்றிலும் உள்ள இரத்தத்தை நெஞ்சறைக்குத் தள்ளுகிறது. இப்படி இடம் மாறும் இரத்தம் ஏறத்தாழ 700 மி.லி. நிரம்பி விரிந்த இதய மேலறைகள் உடலில் நீர் மிகுந்துவிட்டதாகச் செய்தி அனுப்ப, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் குறைகிறது, சிறுநீரகம் வேகமாக வடிக்கத் தொடங்குகிறது. ஓட்டோ காவர், ஜேம்ஸ் ஹென்றி ஆகியோரின் பெயரால் அறியப்படும் அனிச்சைச் செயல் இது. குளிர், தோலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி இதை இன்னும் தூண்டுகிறது. தண்ணீருக்குள் போனதும் சிறுநீர் முட்டுவது ஒருவரின் பலவீனமோ காலையில் குடித்த தேநீரின் பிழையோ அன்று. இறங்கும் எல்லோருக்கும் நேர்வது. இதனோடு, சிலிண்டரில் அடைக்கும் காற்றிலிருந்து ஈரம் நீக்கப்பட்டிருப்பதால் ஒவ்வொரு மூச்சிலும் உடல் நீரை இழக்கிறது. படகின் வெயிலில் வியர்வையும் சேர்கிறது. இரண்டு முறை மூழ்கி எழுந்தவரின் உடல் வறண்டிருக்கும்; அதன்பின் ஊறும் சிறுநீர் சொற்பமாகவும் அடர்ந்தும் இருக்கும்.

அந்தமானின் சுவராஜ் தீவிலோ புதுச்சேரியிலோ காலையில் கிளம்பும் ஒரு சிறு படகை நினைத்துப் பாருங்கள். இரண்டு முக்குளிப்பு, நடுவே ஏறத்தாழ ஒரு மணி நேர ஓய்வு, கரை திரும்பும்போது நண்பகல். இத்தகைய பல படகுகளில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் படகின் பின்பக்கம் போய்த் திரும்பிக்கொள்கிறார்கள். ஒரு பெண்ணோ முதுகுப்புற ஜிப்பைப் பிறர் உதவியுடன் இறக்கி, உடலோடு ஒட்டிய ஈர நியோப்ரீனைத் தோளிலிருந்து உரித்து, மறைவில்லாத தளத்தில் நிற்க வேண்டும். இதைத் தவிர்க்க அவர் கண்டுபிடித்த ஒரே வழி, முந்தைய இரவிலிருந்தே தண்ணீரைக் குறைப்பது. தண்ணீர் பாட்டிலை நீட்டும் படகுக்காரரிடம் “வேண்டாம் அண்ணா” என்கிறாரே, அந்த இடத்தில்தான் நோய்க்கு முதல் வாசல் திறக்கிறது. இதைப் பெண்ணின் சுகாதாரக் குறைவு என்று எழுதுவது அநியாயம். படகின் குறை அது.

தண்ணீருக்கும் தொற்றுக்கும் உள்ள தொடர்பை வெறும் பாட்டி வைத்தியமாகத் தள்ள முடியாது. 2018இல் வெளியான ஒரு சோதனையில், அடிக்கடி சிறுநீர்ப்பை அழற்சி வந்த, நாளுக்கு 1.5 லிட்டருக்கும் குறைவாக நீரருந்திய 140 பெண்கள் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பாதியினர் நாளுக்கு 1.5 லிட்டர் கூடுதலாகக் குடித்தனர். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், வழக்கம்போல் குடித்தவர்களுக்கு 3.2 முறையும் நோய் வந்தது. இந்தச் சோதனை நடந்தது நிலத்தில், மாதவிடாய் நிற்காத பெண்களிடம். முக்குளிப்போருக்கு இதே எண்களைப் பொருத்துவது பிழை. ஆயினும் குறைவாகக் குடித்தல், அடர்ந்த சிறுநீர், அரிதாகக் கழித்தல் என்ற அதே சூழலைத்தான் படகு உண்டாக்குகிறது; எனவே திசையை நம்பலாம். பன்றிகளிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஆழத்திலிருந்து மேலேறும்போது வரும் அழுத்தநீக்க நோயின் ஆபத்தையும் நீரிழப்பு கூட்டியது. இருந்தாலும் மூழ்குவதற்குச் சற்று முன் ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிப்பது வேண்டாம். நெஞ்சுக்கு ஏறும் இரத்தத்தோடு மிகை நீரும் சேர்ந்தால் நுரையீரலில் நீர் கோக்கும் ஆபத்து உண்டு. முந்தைய நாளிலிருந்தே சிறுகச் சிறுகக் குடிப்பதே முறை.

இனி, அச்சத்தின் இரு பொருள்களுக்கு வருவோம். வெட்சூட்டுக்குள் கழித்த சிறுநீர் திரும்பி மேலேறிப் பையை அடைவதில்லை. சிறுநீர் முற்றிலும் கிருமியற்றது என்ற பழைய பாடம் இன்று நிற்கவில்லைதான். அதில் இருப்பதோ அவரவர் உடலிலிருந்தே வந்தது. மணிக்கணக்கில் ஊறினால் தோல் எரியும், தடிக்கும். வெதுவெதுப்பான ஈரத்தில் கேண்டிடா பூஞ்சை பெருகவும் இடமுண்டு. அந்த எரிச்சலைச் சிறுநீர்த் தொற்று என்று எண்ணி, மருந்துக் கடையில் தானாகவே ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குவோர் உண்டு. அது பூஞ்சையை மேலும் வளர்க்கும். ஆகவே அடக்குவதைவிட உடைக்குள் கழிப்பது மேல். கழித்தபின் கழுத்துப்புறம் இழுத்துக் கடல்நீரை உள்ளே விட்டு அலசி, கரையில் நல்ல தண்ணீரில் குளித்து உலர்ந்த உடைக்கு மாறினால் போதும்.

கடல்நீரை முற்றாக விடுவித்துவிட நான் தயாரில்லை. கழிவுநீர் கலக்கும் கரையில் கடல் ஆபத்தானதே. ஆனால் ஆபத்து நுழையும் வழி வாய். நெதர்லாந்தில் நடந்து 2006இல் வெளியான ஆய்வின்படி, பொழுதுபோக்கு முக்குளிப்பவர் ஒரு முறை மூழ்கும்போது சராசரியாகக் கடல்நீர் 9 மி.லி., நன்னீர் 13 மி.லி. விழுங்குகிறார். பிரிட்டனில் அலைச்சறுக்குவோரின் குடலைச் சோதித்து எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளை எதிர்க்கும் மரபணு கொண்ட ஈ.கோலை அவர்களில் 6.3 விழுக்காட்டினரிடமும், அலைச்சறுக்காதவர்களில் 1.5 விழுக்காட்டினரிடமும் இருந்தது. விழுங்கிய கிருமி குடலில் தங்கி, பின்னொரு நாள் அந்த 4 செ.மீ. பாதையில் ஏறலாம். பெருமழைக்கு மறுநாள் முகத்துவாரத்தருகே மூழ்காமல் இருப்பதும், மேற்பரப்பில் காத்திருக்கும்போது வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுக்காமல் இருப்பதும் இதற்கான தடுப்பு.

முக்குளிப்புப் பயணம் பெரும்பாலும் விடுமுறைப் பயணம் என்பதையும் மறக்கக் கூடாது. உடலுறவும் விந்துக்கொல்லிப் பூச்சுகளும் இத்தொற்றுக்கு நன்கறிந்த காரணங்கள். இரவின் பழியைப் பகலின் கடல் சுமக்க வேண்டியதில்லை. மீண்டும் மீண்டும் தொற்று வரும் பெண்களுக்குக் கிரான்பெரி ஓரளவு உதவும் என்று 2023இன் காக்ரேன் மதிப்பாய்வு ஏற்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனியில் இடும் ஈஸ்ட்ரோஜன் மருந்தின் பயன் 1993இலேயே சோதனையில் உறுதியாயிற்று.

குளிர்நாடுகளின் டிரைசூட் வேறு வகைச் சிக்கல். உள்ளே நீர் புகாத அந்த உடையில் மணிக்கணக்கில் இருப்போர் பெரியவர்களுக்கான டயாபர் அணிவார்கள். அல்லது பி-வால்வு பொருத்துவார்கள். ஆண்குறியில் ஒட்டிய உறையிலிருந்து ஒரு குழாய் தொடை வழியாக வந்து வால்வில் முடியும். அங்கிருந்து சிறுநீர் கடலுக்குப் போகும். பெண்களுக்கும் தோலில் ஒட்டும் சாதனங்கள் உள்ளன. இங்கே கருவியே நோய்க்குக் காரணமாக முடியும். ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவரும் குகை முக்குளிப்பாளருமான ரிச்சர்ட் ஹாரிஸ், பி-வால்வால் நேர்ந்த தொற்றையும் அழுத்தக் காயத்தையும் 2009இல் பதிவு செய்தார். பின்னர் 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையிலிருந்து சிறுவர்களை மீட்டவர்களில் அவரும் ஒருவர். சிறுநீரும் கடல்நீரும் மிஞ்சிய குழாய், சாமான் பைக்குள் சுருட்டிய நிலையில் மறுநாள்வரை ஈரமாகவே கிடக்கும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா விரும்பும் இடம் அது. ஒவ்வொரு நாளும் குழாயை நன்னீரால் அலசி, கிருமிநாசினி செலுத்தி, காற்று ஊதி உலர்த்த வேண்டும். உறையை மறுமுறை பயன்படுத்தக் கூடாது. இது ஆண்களையும் காக்கும் விதி.

தேக்கத்தின் கொடிய வடிவம் பொழுதுபோக்குக்கு வெளியே இருக்கிறது. தூத்துக்குடியில் கம்ப்ரசர் காற்றில் சங்கு எடுப்போரும், வட இலங்கையில் சிலிண்டருடன் கடலட்டை பிடிப்போரும் ஒரே நாளில் பலமுறை ஆழத்துக்குப் போகிறார்கள். மேலே வந்தபின் கால் மரத்து, சிறுநீர் வராமல் நின்றுபோனால் அது நீர்ச்சுருக்கு அன்று. தண்டுவடத்தைத் தாக்கிய அழுத்தநீக்க நோய். இளநீர் கொடுத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் இழப்பு. உடனே ஆக்சிஜன் தந்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தண்டுவடம் மீளாதவருக்குச் சிறுநீர்ப்பை தானாகக் காலியாகாது; தொற்று வாழ்நாள் துணையாகிவிடும். அவர்களுக்கு ஜாக் லாபிடஸ் 1972இல் முன்வைத்த முறை இன்றும் நல்ல வழி: உள்ளேயே குழாயை விட்டுவைக்காமல், நாளில் சில முறை தூய்மையான குழாயைத் தாமே செலுத்திப் பையைக் காலி செய்வது.

சுற்றுலாப் படகு நடத்துவோரிடமும் பயிற்றுநர்களிடமும் வேண்டுவது அதிகமில்லை. படகில் திரை போட்ட ஒரு கழிப்பிடம் வையுங்கள். மூழ்குமுன் சொல்லும் விளக்கத்தில், தண்ணீர் குடியுங்கள், வெட்சூட்டுக்குள் கழிக்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லுங்கள். காய்ச்சலோ விலாவலியோ குளிரோடு நடுக்கமோ கண்டவரைத் தண்ணீரில் இறக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.