மொழி, குறி, பண்பாட்டுக் கல்வி

சொல், சைகை, சின்னம், சடங்கு ஆகிய அனைத்தையும் மனிதர் பொருள் உணர்த்தும் ஒரே ஒழுங்கின் பகுதிகளாகக் கொண்டு ஆராயும் பல்கலைக்கழகப் பாடநெறி. தென்பாண்டி நாட்டில் இதற்கு வாய்த்த களங்களுள் ஸ்ரீவில்லிபுத்தூரும், ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ராஜபாளையமும் குறிப்பிடத்தக்கவை.

தோற்றம்: ஜெனீவாவில் 1907 முதல் 1911 வரை பெர்டினாண்ட் டி சசூர் நிகழ்த்திய விரிவுரைகள், அவர் காலஞ்சென்றபின் 1916இல் நூலுருப் பெற்று, மொழியைக் குறிகளின் அமைப்பாகக் காணும் நெறிக்கு அடிகோலின. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அகவுணர்ச்சி உடலில் புலப்படும் வகையை எட்டாகப் பகுத்து முன்னரே ஆராய்ந்துள்ளதாயினும், அது இலக்கணத்தின் அங்கமாகப் பயிலப்பட்டதேயன்றித் தனிப் பாடமாக வளரவில்லை.

வளர்ச்சி: 1950களில் புனா தக்காணக் கல்லூரியில் நடைபெற்ற கோடைகால வகுப்புகள் இந்தியாவில் நவீன மொழியியலைப் பரப்பின. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அத்துறையை வளர்த்த தெ. பொ. மீனாட்சிசுந்தரனார், 1966இல் நிறுவப்பெற்ற மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்; 1973இல் தொடங்கிய ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி அப்பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது. ஏட்டிலக்கியத்தோடு நின்ற ஆய்வைப் பாமரர் வழக்காறுகளின் பக்கம் திருப்பிய பெருமை, 1967இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தோற்றுவித்து, 1969 முதல் 'ஆராய்ச்சி' இதழை நடத்திய நா. வானமாமலைக்கு உரியது. 1982இல் வெளிவந்த தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்', சசூர் நெறியில் கிளைத்த அமைப்பியலைத் தமிழ் வாசகர்க்கு அறிமுகஞ்செய்தது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் தே. லூர்து முதலியோர் முயற்சியால் நாட்டார் வழக்காற்றியல் தனித்துறையாக வேரூன்றியது.

களங்கள்: ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கரத்திலுள்ள கிளி, மரவள்ளி இலையும் மாதுளம்பூவும் கொண்டு நாடோறும் புதிதாகக் கட்டப்படுகிறது; பொருள் அன்றாடம் அழிய, அதன் குறிப்பு மட்டும் அழியாது நிலைபெறுவதை இதனினும் தெளிவாகக் காட்டும் உதாரணம் அரிது. அங்கு வழங்கும் அரையர் சேவையில் குல்லாய் அணிந்து தாளம் ஏந்திய அரையர், பாசுரத்தைப் பாடி, அபிநயித்து, வியாக்கியானமும் உரைக்கிறார். அச்சேவைக்குரிய முத்துக்குறி என்னும் பகுதியில் தலைவியின் நோய்க்குக் காரணம் காண முத்துகளைப் பரப்பிக் குறி பார்க்கும் கட்டுவிச்சியாகவும், மகளுக்காக வருந்தும் தாயாகவும் அவர் ஒருவரே மாறுவதால், குறியைப் படிப்பவரே குறியாகும் விநோதம் நிகழ்கிறது. வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலைக் கோபுரமே 1949இல் ஓவியர் ஆர். கிருஷ்ணராவ் வரைந்த தமிழ்நாட்டு அரசுச் சின்னத்தில் உள்ளதெனப் பொதுவாகக் கொள்வர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் மேலைக் கோபுரமே அது என்பாரும் உளர். சின்னம் வழக்கில் ஊன்றியபின், அது எதைச் சுட்டுகிறதென்பது வரைந்தவரின் கருத்தை மட்டும் பொறுத்ததன்று என்பதை இவ்விவாதம் புலப்படுத்தும்.

ராஜபாளையத்தில் ராஜூக்கள் சமூகத்தார் வீட்டில் தெலுங்கும் கடைவீதியிலும் பள்ளியிலும் தமிழும் பேசுவது, ஒரே நாவில் இரு பாஷைகள் இடத்துக்கும் கேட்பவர்க்கும் ஏற்ப மாறுவதை ஆராய்வதற்கு உகந்த சான்றாகும். நூல்வழி வந்த கோட்பாட்டை இத்தகைய வாழும் வழக்கில் வைத்துச் சோதிக்கும் வரையில்தான் இக்கல்வி வெறும் மேனாட்டுச் சித்தாந்தத்தின் மனப்பாடமாகாமல், இந்நாட்டுக்குரிய ஆராய்ச்சியாக நிலைபெறும்.