பாய்ஸ் கம்பெனி

பாய்ஸ் கம்பெனி அல்லது பாலர் நாடக சபை என்பது, முழுவதுமாகவோ பெரும்பான்மையாகவோ சிறுவர்களையும் பதின்ம வயதினரையும் நடிகர்களாகக் கொண்டு 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்நாட்டில் இயங்கிய தொழில்முறை இசை நாடகக் குழு ஆகும். இக்குழுக்களில் ஏறத்தாழ ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையிலான சிறுவர்கள் ஓர் ஆசிரியரின் கீழ் ஒன்றாகத் தங்கி, பாட்டும் வசனமும் நடிப்பும் பயின்று, ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்தினர். எம். ஜி. இராமச்சந்திரன், சிவாஜி கணேசன், என். எஸ். கிருஷ்ணன், எம். ஆர். ராதா, பி. யு. சின்னப்பா, டி. கே. ஷண்முகம் முதலிய பல கலைஞர்கள் இக்குழுக்களில் வளர்ந்தவர்கள் ஆவர். சிறுவனின் உயர்ந்த குரலே இவ்வமைப்பின் மூலதனமாக இருந்தது. அக்குரல் பருவ மாற்றத்தால் உடையும் காலம் ஒவ்வொரு சிறுவனின் வாழ்விலும் ஒரு திருப்புமுனையாக அமைந்தது.

பெயர்

இக்குழுக்களின் அதிகாரப்பூர்வப் பெயர்கள் பெரும்பாலும் பால சபா, பாலகான சபா, பால விநோத சபா என்றவாறு வடமொழியில் அமைந்தன. மக்கள் வழக்கில் அவை அனைத்தும் பாய்ஸ் கம்பெனி என்றே அழைக்கப்பட்டன. கம்பெனி என்னும் சொல், ஒரு முதலாளியின் பொறுப்பில் நிலையான நடிகர்களைக் கொண்டு தொடர்ந்து இயங்கும் குழுவைக் குறித்தது. ஒரு நாள் நாடகத்துக்காக வெவ்வேறு ஊர் நடிகர்களைத் தனித்தனியே அமர்த்தி நடத்தும் முறை ஸ்பெஷல் நாடகம் எனப்பட்டது.

தோற்றம்

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ் இசை நாடகங்களில் பாடலே முதன்மை பெற்றிருந்தது. புகழ் பெற்ற நடிகர்கள் எழுதப்பட்ட நாடகத்தை அப்படியே நடிக்காமல், மேடையிலேயே தருக்கம் செய்வதும் ஒருவரை ஒருவர் பாட்டால் மடக்குவதும் வழக்கமாக இருந்தது. இதனால் கதைப்போக்கு சிதைந்தது. ஆசிரியரின் சொல்லுக்குக் கட்டுப்படும் சிறுவர்களைப் பயிற்றுவித்தால் நாடகத்தை ஒழுங்குடன் நடத்தலாம் என்ற எண்ணம் பாலர் சபைகள் தோன்ற ஒரு காரணம் ஆயிற்று. பெண்கள் மேடையேறுவதைச் சமூகம் இழிவாகக் கருதியதால், பெண் வேடங்களுக்கும் சிறுவர்கள் தேவைப்பட்டனர். வளர்ந்த நடிகர்களை விடச் சிறுவர்களுக்குச் செலவு குறைவு என்பதும் முதலாளிகளை ஈர்த்தது.

தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் எனப் போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922), 1918 ஆம் ஆண்டு மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவைத் தொடங்கினார். டி. கே. எஸ். சகோதரர்கள் அவ்வாண்டிலேயே இச்சபையில் சேர்ந்தனர். அவர்களுள் ஒருவரான டி. கே. ஷண்முகத்துக்கு (1912-1973) அப்போது வயது ஆறு. சங்கரதாஸ் சுவாமிகள் தம் இறுதிக் காலத்தில் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டு, 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.

சிறுவர்கள் சேர்க்கப்பட்ட முறை

கம்பெனியில் சேர்ந்த சிறுவர்களுள் பலர் வறிய குடும்பத்தினர். உணவும் உடையும் தங்குமிடமும் கம்பெனியின் பொறுப்பு. சிறுவனின் திறமைக்கு ஏற்பச் சிறு தொகை ஒன்று பெற்றோருக்கு அனுப்பப்பட்டது. வீட்டில் உணவுக்கு வழியில்லாத நிலையில், ஒரு வாய் குறைவதே குடும்பத்துக்கு உதவியாக இருந்தது.

தந்தையை இழந்து தாயுடன் கும்பகோணத்தில் வறுமையில் வாழ்ந்த எம். ஜி. இராமச்சந்திரனும் அவர் அண்ணன் சக்கரபாணியும், பள்ளிப் படிப்பைத் தொடர இயலாமல் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தனர். எம். ஜி. ஆருக்கு அப்போது ஏறத்தாழ ஏழு வயது. எல்லாச் சிறுவரும் பெற்றோரால் சேர்க்கப்பட்டவர் அல்லர். எம். ஆர். ராதா சிறுவயதில் வீட்டில் கோபித்துக்கொண்டு வெளியேறி நாடகக் கம்பெனியை அடைந்தவர். சிவாஜி கணேசன், திருச்சியில் யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் குழுவில் சேர்வதற்காகத் தாம் ஓர் அநாதை என்று பொய் கூறியதைத் தம் தன்வரலாற்றில் குறிப்பிட்டுள்ளார்.

பயிற்சியும் அன்றாட வாழ்வும்

கம்பெனி வாழ்க்கை குருகுல முறையை ஒத்திருந்தது. நாடக ஆசிரியர் வாத்தியார் என்று அழைக்கப்பட்டார். சிறுவர்கள் கம்பெனி வீட்டில் ஒன்றாக உண்டு உறங்கினர். காலையில் ஆர்மோனியக்காரரின் சுருதிக்குக் குரல் பழகுதல், பிறகு பாடல் பாடம், வசனப் பாடம், பிற்பகலில் ஒத்திகை என நாள் கழிந்தது. நாடக நாட்களில் இரவு தொடங்கும் ஆட்டம் நள்ளிரவைத் தாண்டியும் நீடித்தது.

எழுதப் படிக்கத் தெரியாத சிறுவர்களும் இருந்ததால், பாடம் பெரும்பாலும் செவிவழியே சொல்லித்தரப்பட்டது. வாத்தியார் ஓர் அடியைச் சொல்ல, சிறுவர்கள் திருப்பிச் சொல்வர். லகர, ளகர, ழகர வேறுபாடுகள் பிழையின்றி ஒலிக்கும்வரை இது தொடர்ந்தது. பிற்காலத் திரைப்பட நடிகர்கள் பலர் நீண்ட வசனங்களைத் தடங்கலின்றிப் பேசியதற்கு இப்பயிற்சியே அடித்தளம் எனலாம்.

ஒவ்வொரு சிறுவனும் தன் பாடத்தை மட்டுமின்றிப் பிறர் பாடங்களையும் கேட்டுக் கேட்டு அறிந்திருந்தான். ஒருவனுக்கு உடல்நலம் குன்றினால் மற்றொருவன் அன்றிரவே அவ்வேடத்தை ஏற்பான். சிறு வேடத்தில் இருந்தவன் பெரிய வேடத்துக்கு உயர இதுவே வாய்ப்பாகவும் அமைந்தது.

கண்டிப்பு மிகுதி. பாடம் மறந்தாலும் தாளம் தவறினாலும் பிரம்படி கிடைத்தது. சிறுவர்கள் நினைத்தபோது வீட்டுக்குச் செல்ல இயலாது. வசூல் குறைந்த ஊர்களில் உணவும் குறைந்தது. அதே நேரத்தில், உடன் இருந்த சிறுவர்களே ஒருவருக்கொருவர் குடும்பமாக இருந்ததையும் முன்னாள் நடிகர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். இவ்வாழ்க்கையை விரிவாக அறிய டி. கே. ஷண்முகம் எழுதிய எனது நாடக வாழ்க்கை என்னும் நூல் ஒரு முதன்மையான சான்றாகும்.

வேடங்கள்

வேடங்கள் பின்வருமாறு வகைப்படுத்தப்பட்டன.

ராஜபார்ட் - அரசன் அல்லது கதைத்தலைவன். கூடுதலான பாடல்கள் இவ்வேடத்துக்கே உரியவை.
ஸ்திரீபார்ட் - பெண் வேடம். மெல்லிய குரலும் தோற்றமும் உடைய சிறுவர்களுக்குத் தரப்பட்டது.
கள்ளபார்ட் - திருடன் வேடம். துள்ளலான ஆட்டம் இதற்குத் தேவை.
பபூன் - நகைச்சுவை வேடம்.

இவை தவிர பிரகலாதன், லோகிதாசன், லவன், குசன், இளம் கண்ணன் போன்ற சிறுவர் பாத்திரங்கள் புராண நாடகங்களில் நிறைய இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவன் ஷண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரி நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று பின்னாளில் ஷண்முகம் பதிவு செய்துள்ளார். சிவாஜி கணேசன் மேடையில் முதலில் ஏற்றது சீதை வேடம் ஆகும். பம்மல் சம்பந்த முதலியாரின் மனோகரா போன்ற உரைநடை நாடகங்களும் பின்னர் பாலர் சபைகளால் விரும்பி நடிக்கப்பட்டன.

மகரக்கட்டு

ஆண் சிறுவர்களுக்குப் பருவ வயதில் ஏற்படும் குரல் உடைவு நாடக உலகில் மகரக்கட்டு எனப்பட்டது. பொதுவாக 12 முதல் 15 வயதுக்குள் இது நிகழ்கிறது. இக்காலத்தில் இயக்குநீர் மாற்றத்தால் குரல்வளை பெரிதாகிறது. குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. இதனால் குரலின் சுருதி ஏறத்தாழ ஒரு தாயி அளவு, அதாவது ஏழு சுரங்கள் கொண்ட ஒரு முழு வரிசை அளவு, கீழே இறங்குகிறது. மாற்றம் நிறைவடையும்வரை குரல் எதிர்பாராமல் பிளவுபடும்.

பாலர் சபையில் இது பெரிய சிக்கலாக இருந்ததற்குக் காரணம் சுருதி ஆகும். தமிழ் இசை வழக்கில் சுருதி கட்டை என்னும் அலகால் குறிக்கப்படுகிறது. வளர்ந்த ஆண் பாடகர்கள் பொதுவாக ஒன்று முதல் இரண்டு கட்டையில் பாடுவர். சிறுவர்களால் பெண்களைப் போலவே நான்கு, ஐந்து கட்டையில் பாட இயலும். ஒலிபெருக்கி பரவாத அக்காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்க வேண்டுமாயின் உயர்ந்த சுருதி இன்றியமையாததாக இருந்தது. குரல் உடைந்த சிறுவன் நேற்றுவரை பாடிய பாடலை இன்று எட்டிப் பிடிக்க இயலாமல், ஆயிரம் பேர் முன்னிலையில் தடுமாற நேர்ந்தது.

மகரக்கட்டு வந்த சிறுவனுக்குச் சில வழிகளே இருந்தன.

1. பாடல் குறைந்த வேடங்களுக்கு மாறுதல். நகைச்சுவை வேடம், எதிர்நாயகன் வேடம் ஆகியவை இதற்கு ஏற்றவை.
2. பின்பாட்டு, மிருதங்கம், ஒப்பனை, திரை இழுத்தல் போன்ற பணிகளை ஏற்றல்.
3. குரல் நிலைபெறும்வரை காத்திருந்து புதிய சுருதியில் மீண்டும் பயிலுதல்.
4. கம்பெனியை விட்டு விலகுதல்.

நான்காம் வழியே கடினமானது. ஆறு, ஏழு வயதில் பள்ளியை விட்டு வந்த சிறுவனுக்குப் பதினைந்து வயதில் நாடகம் தவிர வேறு தொழில் தெரியாது. குரல் திரும்பி வருமா என்பதும் எவருக்கும் தெரியாது. புகழ் பெற்றவர்களின் பெயர்களே வரலாற்றில் நிற்கின்றன. குரலோடு வாழ்வையும் இழந்த சிறுவர்களின் பெயர்கள் பதிவாகவில்லை.

கடந்து வந்தவர்களுக்கும் எடுத்துக்காட்டுகள் உண்டு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் முன்னணி நடிகராக இருந்த பி. யு. சின்னப்பா (1916-1951), கம்பெனியை விட்டு விலகியபின் புதுக்கோட்டையில் முறையாகச் சங்கீதம் கற்றார். சிலம்பமும் பயின்றார். பின்னர் திரைப்படத்தில் நுழைந்து, 1940 இல் வெளிவந்த உத்தம புத்திரன் படத்தில் இரட்டை வேடம் ஏற்றுப் பாடகராகவும் நடிகராகவும் புகழ் பெற்றார். டி. கே. ஷண்முகம் தம் முப்பதாம் வயதை ஒட்டி ஔவையார் நாடகத்தில் மூதாட்டியாக நடித்து ஔவை ஷண்முகம் என்ற பெயரைப் பெற்றார். சிறுவயதில் ஸ்திரீபார்ட்டுக்கு உதவிய மெல்லிய குரல் இதற்குத் தேவைப்படவில்லை. முதுமையின் குரலை அவர் நடிப்பால் உருவாக்கினார்.

குறிப்பிடத்தக்க குழுக்கள்

தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா - சங்கரதாஸ் சுவாமிகள், மதுரை, 1918.
மதுரை பால மீன ரஞ்சனி சங்கீத சபா - ஜெகந்நாத ஐயர். நவாப் இராஜமாணிக்கம், எம். ஆர். ராதா ஆகியோர் இங்குப் பயின்றனர்.
மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி - சச்சிதானந்தம் பிள்ளை. காளி என். ரத்தினம் இங்கு ஆசிரியராக விளங்கினார்.
மதுரை ஸ்ரீ பாலஷண்முகானந்த சபா - டி. கே. எஸ். சகோதரர்கள், 1925. என். எஸ். கிருஷ்ணன், எஸ். வி. சகஸ்ரநாமம், கே. ஆர். இராமசாமி ஆகியோர் இதில் நடித்தனர்.
தேவி பால விநோத சங்கீத சபா - நவாப் இராஜமாணிக்கம். காட்சி அமைப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் பெயர் பெற்றது. எம். என். நம்பியார் பதின்மூன்று வயதில் இதில் சேர்ந்தார்.

வீழ்ச்சி

1931 ஆம் ஆண்டு முதல் தமிழ்ப் பேசும் படமான காளிதாஸ் வெளிவந்தது. தொடக்கக் காலப் படங்கள் பாடல் நிறைந்த நாடகங்களையே தழுவியமையால், பாடத் தெரிந்த நடிகர்கள் கம்பெனிகளில் இருந்தே எடுக்கப்பட்டனர். டி. கே. எஸ். குழுவினர் 1935 இல் மேனகா படத்தில் நடித்தனர். 1936 இல் வெளிவந்த சதிலீலாவதி, எம். ஜி. ஆர்., டி. எஸ். பாலையா ஆகியோருக்கு முதல் படம் ஆகும். நாடகக் கொட்டகைகள் பல திரையரங்குகளாக மாறின.

ஒலிபெருக்கியின் வருகை உயர்ந்த சுருதியின் தேவையைக் குறைத்தது. பின்னணிப் பாடல் முறை பரவியபின் நடிகன் பாட வேண்டிய கட்டாயமும் நீங்கியது. சமூக நாடகங்களில் பாட்டின் இடத்தை வசனம் பிடித்தது. பெண்களும் மேடைக்கு வந்தனர். இவ்வாறு சிறுவனின் குரலை நம்பிய அமைப்புக்கு அடிப்படையே இல்லாமல் போயிற்று. 1950களுக்குப் பின் பாய்ஸ் கம்பெனி முறை ஏறத்தாழ மறைந்தது.

மதிப்பீடு

தமிழ்த் திரைப்படத்துக்கும், அதன் வழியாகத் தமிழக அரசியலுக்கும் பாய்ஸ் கம்பெனிகள் அளித்த பங்கு பெரிது. ஆயினும் அவை குழந்தைகளின் உழைப்பில் நின்றவை என்பதும் மறுக்க இயலாதது. இந்தியாவில் 2016 இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டோர் திரைப்படம், தொலைக்காட்சி போன்றவற்றில் கலைஞராகப் பங்கேற்பதை நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது. 2017 ஆம் ஆண்டு விதிகளின்படி, குழந்தையை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஈடுபடுத்தலாகாது. படிப்புத் தடைபடக் கூடாது. வருவாயில் குறைந்தது 20 விழுக்காடு குழந்தையின் பெயரில் வைப்புத்தொகையாகச் செலுத்தப்பட வேண்டும். பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்களுக்கு இம்மூன்றில் ஒன்றும் உறுதி செய்யப்படவில்லை.

கம்பெனியில் வளர்ந்தவர்களே பின்னாளில் அதனை இருவகையாகவும் நினைவுகூர்ந்தனர். பசியும் அடியும் அங்கேதான் கிடைத்தன. தொழிலும் தமிழும் அங்கேதான் கிடைத்தன. சிறுவயதில் டி. கே. எஸ். குழுவில் பயின்ற நடிகர் கமல்ஹாசன், 1996 இல் வெளிவந்த தம் படத்துக்கு அவ்வை சண்முகி எனப் பெயரிட்டது தம் ஆசிரியரை நினைவுகூரும் வகையில் அமைந்தது.